தபரேஸ் பின்னால் வந்த நாய்கள்

ஆம்பூரில் பிறந்துவிட்டு, பிரியாணித் தட்டில் கொழுப்புத் துண்டைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற பிள்ளை தபரேஸ். முட்டையில் மஞ்சள் கரு குழகுழவென்று இருந்தால் தட்டோடு எழுந்துவிடுவான். பஸ்ஸில் கண்டக்டர் எச்சில் தொட்டு டிக்கெட் கிழித்தால், அதை நகத்தால் பிடித்துக்கொண்டே வாணியம்பாடி வரைக்கும் போவான். இப்படிப்பட்டவனைத்தான் இந்த மே மாதம் சவ்வு மிஷினில் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

சவ்வு என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்லவேண்டும். உப்பு போட்டு வருகிற பச்சைத் தோலை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். சுண்ணாம்புத் தொட்டிக்குப் போகுமுன் தோலின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிற கொழுப்பையும் சதையையும் மிஷின் சுரண்டி எடுக்கும். சுரண்டினது தொட்டியில் விழும். வெள்ளையும் சிவப்புமாக, தயிரில் நூல் கலந்த மாதிரி இருக்கும். வெயில் ஏறினால் அது மூச்சு விடுவது போல மேலும் கீழும் அசையும். அசைவது புழு. அதன் நாற்றத்தை மூக்கு மட்டும் பார்த்துக்கொள்ளாது. தொண்டைக்கும் வரும், நாக்கிலும் உட்காரும்.

அந்த மிஷினை ஓட்டுகிறவர் தபரேஸின் அப்பா நயீம் அகமது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே தோல் பதனிடுகிற அதே டேனரி, அதே மிஷின். ஈரத் தோலைத் தூக்கித் தூக்கிக் குடல் இறங்கிவிட்டது. வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். பள்ளி, காலேஜ் திறக்கிற வரைக்கும் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

டேனரியில் இதற்கு எழுதி வைத்த சட்டம் கிடையாது. மிஷின்காரன் படுத்துவிட்டால் அவன் வீட்டு ஆள் ஒருவன் வந்து அந்த இடத்தில் நிற்கவேண்டும். நின்றால் இடம் அந்த வீட்டினுடையது. ஒரு நாள் ஆள் வராவிட்டாலும் கான்ட்ராக்டர் வடக்கத்தி ஆளைக் கூட்டிவந்து நிறுத்திவிடுவான். அப்புறம் மிஷின்காரன் குணமாகி வந்து கேட்டில் நின்றால், வாட்ச்மேன் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைப்பான். நயீம் அகமதுவின் வீட்டில் நிற்கக்கூடிய வேறு ஆள் இல்லை. தபரேஸின் தங்கை ஃபிர்தௌஸ் பத்தாவது படிக்கிறாள்.

தபரேஸ் பி.காம் இரண்டாம் வருஷம் முடித்திருந்தான். லீவுக்கு அவன் வேறு யோசனை வைத்திருந்தான். பஜாரில் மொபைல் கடை மாடியில் இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுக்கிறார்கள். சாயங்கால வகுப்பு. பேச வந்துவிட்டால் பெங்களூரில் ஏசி ஆபீஸ். தோலைத் தொடாமலே வாழ்ந்து முடித்துவிடலாம். வகுப்பில் சேர்ந்த அதே வாரம்தான் அப்பாவுக்கு ஆபரேஷன் தேதி வந்தது.

முதல் நாள் புறப்படும்போது நயீம் அகமது படுத்த வாக்கிலேயே சொன்னது ஒன்றுதான்.

"வேலை முடிஞ்சா அங்கியே குளிச்சிட்டு வா பேட்டா. அந்த வாசத்தோட கேட்டைத் தாண்டாத."

சரி என்று தலையாட்டினான். குளிக்கவில்லை. அதற்குக் காரணம் அந்தக் குளியலறை. டேனரியின் பின்பக்கம் தகரம் அடித்த ஒரு கூண்டு. கீழே பச்சைப் பாசி. சுவரில் யாரோ ஒட்டிவிட்டுப் போன சோப்புத் துண்டு, அதில் யாருடைய மயிரோ. தண்ணீர் போகிற ஓட்டையில் பீடித் துண்டும் பாக்குச் சக்கையும் அடைத்துக்கொண்டு, குளிக்கிறவன் கணுக்கால் வரைக்கும் முன்னால் குளித்தவனின் அழுக்கிலேயே நிற்கவேண்டும். தபரேஸ் கதவைத் திறந்து பார்த்தான். திரும்பி வந்து சைக்கிளை எடுத்தான். அன்றைக்குக் காலையிலிருந்து அவன் வாந்தி எடுத்து எடுத்து வயிற்றில் ஒன்றும் மிச்சமில்லை. அதனால் அந்தக் கூண்டின் வாசலில் வெறும் குமட்டலோடு போயிற்று.

கேட்டைத் தாண்டியதும் டீக்கடை ஓரம் படுத்திருந்த ஒரு பெட்டை நாய் தலையைத் தூக்கியது. ஒரு காது கிழிந்தது, முலை தொங்கியது. மூக்கை ஆட்டிப் பார்த்துவிட்டு எழுந்து பின்னாலேயே ஓடி வந்தது. அதன் பின்னால் இரண்டு குட்டிகள். அவன் வேகமாக மிதித்தான். அவை வேகமாக ஓடின. வீட்டு வாசலில் இறங்கினபோது பெட்டை நாய் அவன் கால்சட்டையின் ஓரத்தை நக்கியது. விருந்துக்கு வந்தவன் இலையை நக்குகிற மாதிரி, ஆற அமர, கண்ணை மூடிக்கொண்டு.

தொழுகை நடக்கிற வீடு அது. நாயின் எச்சில் பட்ட துணி வாசல்படி தாண்டக்கூடாது. நசீமுன்னிசா கரண்டியோடு வெளியே வந்து மகனைத் தெருக்குழாயிலேயே நிற்கவைத்துத் தண்ணீர் ஊற்றினாள். துணியைக் குச்சியால் எடுத்து வாளியில் போட்டாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஜன்னலில் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். காலேஜ் படிக்கிற பிள்ளை ஜட்டியோடு தெருவில் நின்றான். நாய்கள் எதிரே உட்கார்ந்து சோப்பு நுரை ஓடுவதைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தன.

அன்றிலிருந்து அவை அவனுடையவை ஆகிவிட்டன. அவன் கேட்கவில்லை, வளர்க்கவில்லை, பெயர் வைக்கவில்லை. காலையில் தெரு முனையில் காத்திருந்து டேனரி கேட் வரைக்கும் கூட்டிப்போகும். சாயங்காலம் கூட்டி வரும். நசீமுன்னிசா திட்டிக்கொண்டே சாக்கடைக்கு அந்தப் பக்கம் கொட்டாங்கச்சியில் ஊறின ரொட்டியை வைப்பாள். கேட்டால் காக்காய்க்கு என்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஷாதி மஹாலில் பந்தி பரிமாறப் போவது தபரேஸின் பழைய வழக்கம். அந்த மாதம் பந்திக்காரர் அவனை ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டுப் பின்கட்டில் பிரியாணி தேக்சா கழுவ அனுப்பினார். மற்றவர்கள் தின்று துப்பின எலும்பும், தால்சா குழம்பு காய்ந்து ஒட்டின அடிப்பாத்திரமும், அதன்மேல் ஈயும். பின்கட்டு மதிலுக்கு வெளியே அவனுடைய மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

வகுப்புதான் பெரிய பேஜார். வேலை முடிகிற நேரமும் வகுப்பு தொடங்குகிற நேரமும் ஒட்டிக்கொண்டிருந்தன. வீட்டுக்குப் போய்க் குளித்து வர நேரமில்லாத நாட்களில் சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு, அத்தர் பூசிக்கொண்டு போவான். சவ்வும் அத்தரும் சேர்ந்தால் என்ன வரும் என்று யாரும் சோதித்துப் பார்த்திருக்கமாட்டார்கள். செத்த எலியை மல்லிகைப்பூவில் சுற்றி வைத்தால் தெரியும். அவன் உட்கார்ந்த பெஞ்ச் காலியானது. பிறகு முன் பெஞ்ச் காலியானது. நாய்கள் மொபைல் கடை மாடிப்படியின் கீழே வரிசையாக உட்கார்ந்தன. வகுப்பு நடத்துகிற சௌமியா மிஸ் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு படி ஏறவேண்டியிருந்தது. பெட்டை நாய் படிக்கட்டில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து வருகிறவர் போகிறவரைப் பார்ப்பதால் பையன்கள் அதற்கு மேடம் என்று பெயர் வைத்தார்கள். உங்க மேடம் வந்தாச்சா என்று கேட்டுவிட்டுத்தான் தபரேஸிடம் மற்ற பேச்சு.

சௌமியா மிஸ் நல்ல பெண். முகத்தில் காட்டிக்கொள்ளாமல் இருக்கப் பாடுபட்டாள். ஒரு நாள் அவனைத் தனியாக நிறுத்தி, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க தபரேஸ். குளிச்சிட்டு வந்தா வாங்க. இல்லன்னா லீவு போட்டுக்கங்க. மத்தவங்க நின்னுடுவாங்க போல இருக்கு."

அவனுக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. அவள் இடத்தில் இருந்தால் அவன் படியிலேயே ஏறவிட்டிருக்கமாட்டான். அவனுக்கே அவனைப் பிடிக்கவில்லை. சாப்பிடும்போது கையை மூக்குக்கு அருகில் கொண்டுவர முடியாமல் ஸ்பூனில் தின்றான். மிஷினில் ஒரு ஜோடி கையுறைக்கு மேல் இன்னொரு ஜோடி போட்டுக்கொண்டான். அதற்கு உள்ளேயும் ஈரம் வந்தது.

இப்படியே நாள் போயிருக்கும். ஆனால் ஆடிட் வந்தது.

டேனரியின் தோலை வாங்குகிற வெளிநாட்டுச் செருப்புக் கம்பெனி, வருஷத்துக்கு ஒரு முறை ஆள் அனுப்பிப் பார்க்கும். தொழிலாளிக்குக் கண்ணாடி இருக்கிறதா, பூட்ஸ் இருக்கிறதா, இடம் சுத்தமா என்று. போன வருஷம் வந்தவன் எடுத்த போட்டோ ஒன்றில் ஓரமாக ஒரு நாய் சவ்வைத் தின்றுகொண்டிருந்தது. அந்த ஒரு போட்டோவுக்கு மேஸ்திரி சாமுவேல் மாதக்கணக்கில் முதலாளியிடம் பாட்டு வாங்கினார். சாமுவேல் கெட்டவர் இல்லை. நயீம் அகமதுவோடு சேர்ந்து வேலைக்கு வந்தவர். ஆனால் வேலை என்று வந்தால் தோஸ்தும் இல்லை, சொந்தமும் இல்லை.

ஆடிட்டுக்கு முந்தின சாயங்காலம் அவர் தபரேஸைக் கூப்பிட்டார். கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்த மேடத்தையும் குட்டிகளையும் காட்டினார்.

"இன்னா தம்பி, குடும்பத்தோடதான் வருவியா வேலைக்கு? நாளைக்கு ஒரு நாய் உன் பின்னாடி உள்ள வந்துச்சுன்னு வை, உன்ன மட்டும் அனுப்ப மாட்டேன். உங்கப்பன் இடத்தையே கான்ட்ராக்டருக்குக் கொடுத்துடுவேன். அப்புறம் நயீம் பாய் என் மூஞ்சிய பாத்தாலும் சரி, பாக்காட்டியும் சரி."

பிறகு பூட்டி வைத்திருந்த பெட்டியைத் திறந்து எல்லாருக்கும் பூட்ஸ், தொப்பி, முகமூடி, மஞ்சள் கையுறை, கண்ணாடி கொடுத்தார். வருஷத்தில் ஒரு நாள் வெளியே வருகிற சாமான். எலிப் புழுக்கை தட்டிவிட்டுப் போட்டுக்கொள்ளவேண்டும். காலையில் வீட்டிலிருந்தே மாட்டிக்கொண்டு வரச் சொன்னார். வருகிறவன் எந்த நேரத்தில் வருவான் என்று தெரியாது.

தபரேஸ் கணக்குப் போட்டுப் பார்த்தான். லீவு போட்டால் இடம் போகும். போனால் நாய் வரும், அப்போதும் இடம் போகும். பினிஷிங் செக்‌ஷனில் வேலை செய்கிற தானிஷிடம் போய்ச் சொன்னான். தானிஷ் அவனோடு பள்ளியில் படித்தவன். எதற்கும் ஒரு மருந்து வைத்திருப்பான்.

"இதுக்குப் போய் அழுவுறியே மச்சி. நாய் வர்றது உனுக்காக இல்ல, வாசத்துக்காக. வாசத்த மாத்திட்டா அதுங்களுக்கு நீ யாரு?"

பினிஷிங்கில் ஒரு டின் உண்டு. மட்டமான தோலில் பெயிண்டும் பாலிஷும் ஏற ஏறத் தோலின் வாசனையே போய்விடும். வாங்குகிறவனுக்குப் புதுச் செருப்பு வாசனை வேண்டுமே. அதற்காக வெளியிலிருந்து தோல் வாசனையை வாங்கி, தோலின்மேல் அடிப்பார்கள். ஊரையே நாற அடிக்கிற டேனரி, தோல் வாசனையைக் காசு கொடுத்து டின்னில் வாங்குகிறது. அதைத்தான் தானிஷ் கூல் டிரிங்க் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தான். கொஞ்சமாகத் தடவச் சொன்னான்.

தபரேஸ் கொஞ்சமாகத் தடவவில்லை. ஆடிட் காலையில் தெருக்குழாயில் நின்று தேய்த்துத் தேய்த்துக் குளித்தான். பிறகு கழுத்து, கக்கம், முழங்கால் மடிப்பு என்று பாட்டில் காலியாகிற வரைக்கும் பூசினான். தோல் எரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. பூட்ஸ் மாட்டி, தொப்பி போட்டு, முகமூடியும் கண்ணாடியும் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது நசீமுன்னிசாவே ஒரு நொடி யார் நீ என்பது போலப் பார்த்தாள். பெரிய செருப்புக்கடை ஒன்று எழுந்து நடந்து போகிற மாதிரி வாசனை.

தெரு முனையில் மேடம் வழக்கம்போல எழுந்தது. வாலை ஆட்டத் தொடங்கி, பாதியில் நிறுத்தியது. மூக்கைத் தூக்கியது. பிடரி மயிர் சிலிர்த்தது. தானிஷ் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அதற்கு இவன் இப்போது யாரோ. முகம் இல்லாத, மஞ்சள் கை உள்ள ஒருவன் தன் குட்டிகளை நோக்கி வருகிறான். அது குரைத்தது. குட்டிகளும் குரைத்தன. தபரேஸ் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினான். அந்த இடத்தில் ஓடியிருக்கக்கூடாது. ஓடுகிறவனை எந்த நாய் விடும்?

டேனரி கேட் அகலத் திறந்து கிடந்தது. தண்ணீர் தெளித்து, பிளீச்சிங் பவுடர் கோடு போட்டு, வாட்ச்மேன் புதுத் தொப்பியோடு காரை எதிர்பார்த்து ரோட்டில் நின்றிருந்தான். தபரேஸ் அந்த வெள்ளைக் கோட்டைத் தாண்டி உள்ளே விழுந்தான். மூன்று நாய்களும் தாண்டின. சவ்வுத் தொட்டியின்மேல் புதுத் தார்ப்பாய் மூடியிருந்தது. மேடம் அதைச் சுற்றி ஓடியது. குட்டிகள் தோலைப் போட்டுச் சுற்றுகிற பெரிய மர டிரம்முக்கு அடியில் நுழைந்துகொண்டன. சாமுவேல் நீளக் கழியை எடுத்துக்கொண்டு குனிந்தார். குட்டிகள் இன்னும் உள்ளே போயின. மேடம் பல்லைக் காட்டிக்கொண்டு கழிக்கும் குட்டிக்கும் நடுவில் நின்றது. வேலைக்காரர்கள் புதுக் கண்ணாடிக்குள்ளிருந்து வேடிக்கை பார்த்தார்கள். வாட்ச்மேன் கத்தினான். கார் பைபாஸிலிருந்து இறங்கிவிட்டதாம்.

சாமுவேல் கழியைக் கீழே போட்டார். திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"போச்சுடா உங்கப்பன் இடம்" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார்.

தபரேஸ் முகமூடியைக் கழற்றினான். மேடம் என்று கூப்பிட்டான். அது முகத்தைப் பார்த்தது, குரலைக் கேட்டது, ஒரு காதை அசைத்தது, மறுபடியும் உறுமியது. முகம் அவனுடையதுதான். ஆனால் வாசனை வேறு யாருடையதோ. அதன் கணக்கில் வாசனைதான் ஆள்.

அவனுக்கு அது புரிந்தது. மஞ்சள் கையுறை இரண்டையும் உருவிப் போட்டான். தார்ப்பாயைத் தூக்கினான். ராத்திரி முழுக்க மூடி வைத்த சவ்வின் சூடு முகத்தில் அடித்தது. மேலே புழு ஒரு துணி போல அசைந்துகொண்டிருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு வெறும் கையை முழங்கை வரைக்கும் உள்ளே விட்டான். வழுவழுவென்று விரல் சந்தில் எல்லாம் புகுந்தது. இரண்டு கையாலும் அள்ளி மார்பில் தேய்த்தான், கழுத்தில் தேய்த்தான், கன்னத்தில் தேய்த்தான். சட்டைக்குள் ஏதோ ஒன்று நெளிந்து இறங்கியது. நின்று தட்டிவிட நேரமில்லை.

மேடம் உறுமலை நிறுத்தியது. மூக்கை நீட்டியது. வாலின் நுனி அசைந்தது, பிறகு இடுப்போடு சேர்ந்து அசைந்தது. தபரேஸ் திரும்பிப் பார்க்காமல் கேட்டை நோக்கி நடந்தான். அது பின்னாலேயே வந்தது. டிரம்முக்கு அடியிலிருந்து குட்டிகள் ஒவ்வொன்றாக வந்தன. வெள்ளைக் கோட்டைத் தாண்டும்போது வெள்ளைக் கார் திரும்பி உள்ளே நுழைந்தது. ஜன்னலை இறக்கிவிட்டு வந்த ஆடிட்காரன் ரோட்டோரம் போகிறவனை ஒரு பார்வை பார்த்தான். ஜன்னல் ஏறிக்கொண்டது.

வீட்டுக்குப் போக முடியாது. நாய்களை விட்டுவிட்டு டேனரிக்கும் போக முடியாது. தபரேஸ் பாலாற்றில் இறங்கி, வேலிக்காத்தான் மர நிழலில் மணலில் உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் அதுவரை அடக்கி வைத்ததெல்லாம் வெளியே வந்தது. காலையில் தின்ற உப்புமா. மேடம் அதையும் விடவில்லை. பிறகு அவன் கைகளை நக்கத் தொடங்கியது. விரல் விரலாக, நகக்கண் வரைக்கும். குட்டிகள் ஆளுக்கு ஒரு முழங்கை. அவன் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டியபடியே இருந்தான். எழுந்து போக உடம்பில் தெம்பு இல்லை. கையும் அப்படியாவது சுத்தமாகட்டும் என்று விட்டுவிட்டான். அன்றைக்கு வகுப்பு போயிற்று. சாயங்காலம் தானிஷ் தேடிக்கொண்டு வந்து, மூக்கைப் பிடித்தபடி தூரத்திலிருந்தே சேதி சொன்னான். ஆடிட்டில் ஒன்றும் சொல்லவில்லையாம். மேஸ்திரி நாளைக்கு வரச் சொன்னாராம்.

மறுநாள் வேலை முடிந்ததும் தபரேஸ் அந்தத் தகரக் கூண்டுக்குப் போனான். பாசி அப்படியே இருந்தது, சோப்பில் மயிர் அப்படியே இருந்தது, கணுக்கால் வரைக்கும் அதே தண்ணீர். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக் குளித்தான். நேற்றைக்குப் பிறகு இது ஒன்றுமில்லை என்று இல்லை. அருவருப்பாகத்தான் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு குளித்தான், மாற்றுத்துணி போட்டுக்கொண்டு வெளியே வந்தான். டீக்கடை ஓரம் மேடம் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மறுபடியும் காலின்மேல் வைத்துக்கொண்டது.

வகுப்பில் சௌமியா மிஸ் ஜன்னலைச் சாத்தினாள். பக்கத்துப் பெஞ்சில் ஆள் உட்கார்ந்தார்கள். உங்க மேடம் எங்க என்று ஒருவன் கேட்டான். தபரேஸ் படிக்கட்டை எட்டிப் பார்த்தான். கீழே யாரும் இல்லை. நன்றி கெட்ட ஜென்மங்கள் என்று அவன் மனதுக்குள் திட்டினது இங்கிலீஷில் இல்லை. அதற்கப்புறம் லீவு முடிகிற வரைக்கும் அவை அவனைக் கண்டால், ரோட்டில் போகிற எவனையோ பார்ப்பது போலப் பார்த்தன. அவனுக்கு அது எரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சல் ஏன் வருகிறது என்பது அதைவிட எரிச்சலாக இருந்தது.

காலேஜ் திறக்கிற அன்றைக்கு நயீம் அகமது வேலைக்குப் போனார். அவருடைய மிஷின் அவருக்காக நின்றிருந்தது. வயிற்றுக்குப் பட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டவரிடம் தபரேஸ் செருப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அப்பா, வரும்போது கொஞ்சம் சவ்வு எடுத்துட்டு வர்றீங்களா? கவர்ல."

நயீம் அகமது மகனை ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்த நாத்தம் இந்த வாசப்படி ஏறக்கூடாதுன்னுதான் இத்தினி வருஷமா அந்தப் பாசியில நின்னு குளிச்சிட்டு வர்றேன். நீ இன்னாடான்னா பார்சல் கேக்குற."

சாயங்காலம் அவர் குளித்து, தலைவாரி, வெள்ளைச் சட்டையில் வந்தார். ஒரு கையில் இறுக்கி முடிச்சுப் போட்ட ஒரு கறுப்புக் கவர் தொங்கியது. அதை உடம்பில் படாமல் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் சைக்கிள் ஓட்டி வந்திருந்தார். பின்னால் மேடமும் குட்டிகளும் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஓடி வந்தன. நசீமுன்னிசா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தபரேஸ் கவரை வாங்கிக்கொண்டு சாக்கடைக்கு அந்தப் பக்கம் போய்க் குந்தினான். முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்துக் கிழித்தான். வெறும் கையால் அள்ளிக் கொட்டாங்கச்சியில் வைத்தான்.

"சீ" என்றார் நயீம் அகமது. வாழ்நாள் முழுக்க அந்த மிஷினில் நின்றவர், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.